ஐம்பத்தேழு நாளும் ஓர் எழுத்தும்: கோட்டைக்கு முந்தைய செஞ்சி மலைகள்

செஞ்சி என்றதும் நம்ம எல்லோருக்கும் ஞாபகம் வருவது ராஜகிரி, கல்யாண மகால், தேசிங்கு ராஜா, அவர் குதிரை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டதே, அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. அன்றிலிருந்து ரீல்ஸில் எங்கே பார்த்தாலும் ட்ரோன் ஷாட்தான்.

அந்த ட்ரோன் ஷாட்டிலேயே கோட்டைச் சுவருக்கு வெளியே நிறையக் குன்றுகள் தெரியும். பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டி வைத்த மாதிரி இருக்கும். கோட்டை கட்டுவதற்குப் பல நூறு வருஷம் முன்னாடியே அந்தக் குன்றுகளில் ஆட்கள் தங்கினார்கள், எழுதினார்கள், செதுக்கினார்கள். தமிழ் எழுத்தின் வரலாற்றில் ஒரு முக்கியமான வரி அங்கேதான் இருக்கு. இந்தக் கட்டுரை அந்தக் குன்றுகளைப் பற்றியது.

கோட்டை, ஒரே மூச்சில்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் சுவரால் முக்கோணமாக இணைத்ததுதான் செஞ்சிக் கோட்டை. கோன் வம்சத்தினர் தொடங்கியதாக மரபு. பிறகு விஜயநகரம், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள் என்று கை மாறியது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது முகலாயப் படை 1690இல் முற்றுகையைத் தொடங்கி, 1698இல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. நம்ம பி.இ. கோர்ஸைப் போல இரண்டு மடங்கு காலம். தேசிங்கு ராஜா போரில் இறந்தது 1714. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஆறு நூற்றாண்டுக் கதை.

குன்றுகளில் இருக்கும் கல்வெட்டுகள் கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகின்றன. அதாவது கோட்டையின் முதல் கல்லுக்கும் அந்த முதல் எழுத்துக்கும் நடுவே குறைந்தது எண்ணூறு வருஷ இடைவெளி.

பாறை ஏன் உருண்டையாக இருக்கு?

சிவில் நண்பர்களுக்கு இந்தப் பகுதி ஈஸியாகப் புரியும். செஞ்சிப் பக்கத்துப் பாறைகள் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, கிரானைட் வகையைச் சேர்ந்த கடினப் பாறைகள். பூமிக்கு அடியில் ஆழத்தில் உருவானவை. மேலே இருந்த சுமை அரிக்கப்பட்டு நீங்க நீங்க, அழுத்தம் குறைந்து பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழும். பெரிய கனசதுரங்களை அடுக்கி வைத்த மாதிரி ஆகிவிடும்.

அந்த விரிசல்களில் தண்ணீர் இறங்கும். பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைத் தண்ணீர் மெதுவாகக் களிமண்ணாக மாற்றும். ஒரு கனசதுரத்தின் முகத்தைத் தண்ணீர் ஒரு பக்கமிருந்து தாக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து தாக்கும். அதனால் மூலைதான் முதலில் கரையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கனசதுரம் உருண்டையாகிவிடும். இதெல்லாம் மண்ணுக்கு அடியிலேயே நடக்கும். பிறகு சுற்றியுள்ள மண் மழையில் அடித்துப் போனதும், உருண்டைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மிஞ்சும். யாரும் கொட்டி வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே செதுங்கி நிற்கின்றன.

இப்படி உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும்போது கீழே இடைவெளி கிடைக்கும். மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் காற்று. செலவே இல்லாத வீடு. மேலே உள்ள பாறையின் நெற்றியில் ஒரு நீளமான காடி வெட்டிவிட்டால் போதும். பாறை மேல் வழியும் மழைத்தண்ணீர் அந்த விளிம்பிலேயே சொட்டி விழுந்துவிடும், உள்ளே வராது. நம்ம வீட்டு சன்ஷேடுக்கு அடியில் ஒரு சின்னப் பள்ளம் விடுவார்களே, அதே டெக்னிக்தான். தமிழ்நாட்டில் எந்தக் குகையிலாவது இந்தக் காடியைப் பார்த்தால், அங்கே யாரோ திட்டம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் தங்கினார்கள்?

செஞ்சிப் பகுதியில் அப்படித் தங்கியவர்கள் சமணத் துறவிகள். அவர்கள் ஓரிடத்தில் நிலையாக இருக்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மழைக்காலத்தில் பூச்சி, புழு, முளைவிடும் செடி என்று தரையெல்லாம் உயிர். நடந்தால் மிதிபடும். அதனால் அந்த நான்கு மாதமும் ஓரிடத்திலேயே தங்குவார்கள். அதற்கு நனையாத இடம் வேண்டும். சமைக்கக் கூடாது, ஊருக்குள் போய்த்தான் சாப்பாடு ஏற்க வேண்டும். அதனால் ஊர் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். தியானத்துக்கு ஊர்ச் சத்தமும் கேட்கக் கூடாது. இந்த மூன்று கண்டிஷனையும் போட்டுத் தேடினால் கிடைப்பது, வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் சிறு குன்றுகள். செஞ்சியைச் சுற்றி அதற்குப் பஞ்சமே இல்லை.

தொண்டூரில் இருக்கும் குகையில் படுப்பதற்கு வாட்டமாகப் பாறையை வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. இளங்காயிபன் என்பவர் ஏவ, மோசி என்பவர் செய்த இருக்கை இது, அகழூரின் அறம் என்கிறது. அகழூர் எங்கே என்று ரொம்பத் தேட வேண்டாம். அகலூர் என்ற பெயரில் அந்த ஊர் இன்றும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. இன்றும் அங்கே சமணக் கோயில் உண்டு.

நெகனூர்பட்டியில் அடுக்கங்கல் என்று சொல்லும் பாறையில் இன்னொரு கல்வெட்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டு அளவில் வெட்டியது. பெரும்பொகழ் என்ற ஊரைச் சேர்ந்த சேக்கந்தியின் தாய் சேக்கந்தண்ணி செய்வித்த பள்ளி இது என்று சொல்கிறது. இதில் இரண்டு விஷயம் கவனிங்க. ஒன்று, செய்வித்தது ஒரு பெண். ராஜா இல்லை, ராணியும் இல்லை. பெயரோடு கல்லில் நிற்கிறார். இரண்டு, அந்தப் பெரும்பொகழ்தான் இன்றைய பெரும்புகை. பக்கத்து ஊர்தான்.

அப்புறம் ‘பள்ளி’ என்ற சொல். பள்ளி என்றால் படுக்கும் இடம். ‘பள்ளி கொண்ட பெருமாள்’ என்கிறோமே, அதே சொல். துறவிகள் தங்கிய இடத்துக்கும் பள்ளி என்றே பெயர். அங்கே அவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்ததால்தான் படிக்கும் இடத்துக்கும் பள்ளி என்று பெயர் வந்தது என்பார்கள். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ‘ஸ்கூல்’ என்றே சொல்லிப் பழகிய எனக்கு, பள்ளி என்ற சொல் ஒரு பாறைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது என்று தெரிந்தபோது அதன் மேல் ஒரு தனி மரியாதையே வந்தது.

திருநாதர்குன்று: 24 உருவங்கள், 57 நாட்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் ஞாபகம் வைப்பீர்கள் என்றால், அது திருநாதர்குன்றாக இருக்கட்டும். செஞ்சி ஊருக்கு வடக்கே சுமார் 2 கி.மீ. தூரத்தில், சிறுகடம்பூரில் இருக்கிறது. குன்றின் மேலே ஒரு பெரிய பாறை. அதன் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் அமர்ந்த கோலத்தில், மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12 எனச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டு அளவிலான வேலை. 24 பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒரே அமைதியோடு இருப்பார்கள்.

ஆனால் அதைவிடப் பழையது அங்கே இருக்கும் ஒரு சின்னக் கல்வெட்டு. தமிழ் பிராமி மெல்ல வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. 5, 6ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அது சொல்லும் செய்தி ரொம்பச் சின்னது: ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்த சந்திரநந்தி என்ற ஆசிரியர் உயிர்நீத்த இடம் இது. அவ்வளவுதான். ஊர் பேர், அரசன் பேர், புகழ்ச்சி எதுவும் கிடையாது.

இந்த நோன்புக்கு சல்லேகனை என்று பெயர். முதுமையாலோ தீராத நோயாலோ முடிவு நெருங்கிவிட்டது என்று உணர்ந்த துறவி, குருவின் அனுமதியோடு, படிப்படியாக உணவைக் குறைத்து, கடைசியில் நீரையும் விடுவது. யார் மீதும் கோபமோ எதன் மீதும் ஆசையோ மிஞ்சக் கூடாது என்பது நிபந்தனை. தமிழில் இதற்கு நெருக்கமாக ‘வடக்கிருத்தல்’ உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையை ஸ்கூலில் படித்திருப்போம். இது பழங்கதையாக முடிந்துவிடவும் இல்லை. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக் குற்றமாகப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மத நம்பிக்கைக்கும் உயிரைக் காக்கும் சட்டத்துக்கும் நடுவே கோடு எங்கே என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. திருநாதர்குன்றில் பிற்காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அது 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரரைப் பற்றியது.

இப்போது எழுத்துக்கு வருவோம். ‘ஐ’ என்ற நம்ம உயிரெழுத்து, தமிழ்க் கல்வெட்டுகளில் முதன்முதலாகக் கிடைப்பது சந்திரநந்தியின் கல்வெட்டில்தான் என்று கல்வெட்டு அறிஞர்கள் சொல்கிறார்கள். ஏன் அதற்கு முன் கிடைக்கவில்லை? யோசித்துப் பாருங்க: ‘ஐ’ என்று தொடங்கும் சொற்களே தமிழில் குறைவு. உயிரெழுத்தைத் தனியாக எழுதுவது சொல்லின் முதலில்தான். பழைய கல்வெட்டுகளோ ஒரு வரி, இரண்டு வரி. அதற்குள் ‘ஐ’ என்று தொடங்கும் ஒரு சொல் வர வேண்டும். இந்தக் கல்வெட்டு ‘ஐம்பத்தேழு’ என்ற எண்ணில் தொடங்குகிறது. சந்திரநந்தி பத்து நாள் முன்னாடி இறந்திருந்தால் அது ‘நாற்பத்தேழு’ ஆகியிருக்கும். பத்து நாள் தாண்டியிருந்தால் ‘அறுபத்தேழு’. ஒரு மனிதரின் உயிர் எத்தனை நாள் தாங்கியது என்ற கணக்கில்தான் அந்த எழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

புத்தரா, தீர்த்தங்கரரா?

இந்தக் குன்றுகளுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சிலையைப் பார்த்ததும் ‘புத்தர்’ என்று கேப்ஷன் போட்டுவிடுகிறார்கள். கற்படுக்கைகளை ‘பஞ்ச பாண்டவர் படுக்கை’ என்று சொல்லும் ஊர்களும் தமிழ்நாட்டில் நிறைய. கண்டுபிடிக்க ஒரு குட்டி செக்லிஸ்ட்:

உடை: புத்தருக்குத் தோளில் மடிப்போடு ஆடை தெரியும். இங்கே இருக்கும் தீர்த்தங்கரருக்கு ஆடையே இருக்காது.

தலைக்கு மேல்: ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை இருந்தால் தீர்த்தங்கரர். அதற்கு முக்குடை என்று பெயர்.

பாம்பு: தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து, நேராக நின்றால் 23ஆவது தீர்த்தங்கரர் பார்சுவநாதர்.

கொடி: கை கால்களில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. சினிமா பாகுபலி இல்லைங்க, அந்தப் பெயரின் அசல் சொந்தக்காரர். அசையாமல் தவத்தில் நின்றதால் செடி கொடி ஏறிவிட்டது என்பது கதை.

இந்த நான்கையும் தெரிந்துகொண்டு மேல்சித்தாமூருக்குப் போங்க. அங்கே மலைநாதர் கோயிலில் ஒரே பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், இயக்கி அம்பிகை எல்லாம் இருக்கிறார்கள். இதுவும் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

சமணர்கள் மட்டுமா?

இல்லை. அதே பாறைகளைப் பல்லவர்கள் வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். துறவிகள் இருக்கிற இடுக்கில் தங்கினார்கள். பல்லவர்கள் பாறையையே குடைந்து மண்டபம் ஆக்கினார்கள். செஞ்சிக்குத் தென்கிழக்கே மண்டகப்பட்டில் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு கிட்டத்தட்ட ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், பிரமன், ஈசன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயில் எடுக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கட்டுமானத்தின் மொத்த மெட்டீரியல் லிஸ்டையும் சொல்லி, அதெல்லாம் வேண்டாம் என்கிறார்!

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். தேசிங்கு ராஜா போருக்குப் போகும் முன் இங்கே வந்து கேட்டபோது, பெருமாள் வேண்டாம் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். மேலச்சேரி, தளவானூர், பனமலை என்று இந்தப் பட்டியல் நீளும். பனமலைக் கோயிலில் பல்லவர் கால ஓவியமே மிஞ்சியிருக்கிறது.

அவர்கள் எங்கே போனார்கள்?

எங்கேயும் போகவில்லை. இதுதான் இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத பகுதி. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரத்து ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். வடக்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் இல்லை. தாய்மொழி தமிழ், தொழில் பெரும்பாலும் விவசாயம், பெயரோடு நயினார் என்று வரும். சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டுவிடுவது இன்னும் பல வீடுகளில் வழக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சமணர்கள், வடக்கிலிருந்து வந்தவர்களையும் சேர்த்தே, ஒரு லட்சத்துக்கும் குறைவு.

எளிதாக மிஞ்சிவிடவும் இல்லை. செஞ்சியை ஆண்ட ஒருவர் சமணர்களைக் கொல்லத் தொடங்கினார், பலர் திருநீறு பூசி உயிர் தப்பினார்கள், வீரசேனாசாரியர் என்பவர் தப்பிப் போய் சிரவணபெளகொளாவில் இருந்தார், பிறகு தாயனூர் காங்கேய உடையார் அவரை அழைத்து வந்து சமயத்தை மீட்டார் என்று அந்தச் சமூகத்தில் ஒரு கதை வழங்குகிறது. திருநீறு பூசியவர்களின் வழிவந்தவர்களை ‘நீர்பூசி நயினார்’ என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இன்று மேல்சித்தாமூரில் இருக்கிறது.

அவர்கள் மிஞ்சியதால் நமக்கு என்ன லாபம்? ஒரு உதாரணம் போதும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது, சமண சமயச் செய்திகள் புரியாமல் தடுமாறினார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள்தான் அவருக்கு விளக்கினார்கள். 1887இல் புத்தகம் வெளிவந்தது. நாம தேர்வுக்குப் படித்த நன்னூல் எழுதிய பவணந்தியும் சமண முனிவர்தான்.

கொரியாவில் ஒரு மலை, இங்கே ஒரு மலை

கே-டிராமா பார்க்கிறவர்களுக்கு க்யோங்ஜு என்ற ஊர் தெரிந்திருக்கும். சில்லா அரசின் பழைய தலைநகரம். அதன் தெற்கே நாம்சான் என்று ஒரு மலை, 500 மீட்டர்கூட உயரமில்லை. ஆனால் மலை முழுக்கப் பாறைகளில் செதுக்கிய புத்தர்கள், பழைய கோயில்களின் அடித்தளங்கள், கல் ஸ்தூபிகள். 2000இல் யுனெஸ்கோ க்யோங்ஜுவைப் பட்டியலில் சேர்த்தபோது, அரண்மனை இருந்த இடத்தோடு இந்த மலையையும் சேர்த்தே எடுத்தது.

செஞ்சியில் யுனெஸ்கோ அங்கீகாரம் கோட்டைக்குத்தான். அது மராத்தியர் கோட்டைகளுக்கான பட்டியல் என்பதால் அது சரியும்கூட. ஆனால் அதனால் சுற்றியுள்ள குன்றுகள் நம்ம பார்வையிலிருந்து இன்னும் விலகிவிடக் கூடாது. ஏனென்றால் இந்தப் பக்கம் மலை என்பது விற்கிற பொருள். விழுப்புரம் மாவட்டத்தில் ஜல்லிக்காக உடைபடும் குன்றுகளைப் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். கோட்டைச் சுவர் சரிந்தால் அதே கற்களை எடுத்துத் திரும்பக் கட்டலாம். இரண்டு வரிக் கல்வெட்டு இருக்கும் பாறை ஒரு தடவை உடைந்தால் உடைந்ததுதான்.

தடுக்க முடியாததும் இல்லை. மதுரை யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்க 2010இல் திட்டம் வந்தபோது, சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் இருக்கும் அந்த மலைக்காக ஊர் மக்கள் எழுந்து நின்றார்கள். மலை இன்னும் இருக்கிறது. அங்கே என்ன இருக்கு என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதனால் நிற்க முடிந்தது.

வீக்கெண்ட் ப்ளான் போடுகிறவர்களுக்கு

திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கி.மீ., திருவண்ணாமலையிலிருந்து சுமார் 40 கி.மீ. இரண்டு பக்கமிருந்தும் பஸ் உண்டு. காலையில் வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திருநாதர்குன்றும் சிங்கவரமும். இன்னொரு நாள் இருந்தால் மேல்சித்தாமூர், மண்டகப்பட்டு. தொண்டூர், நெகனூர்பட்டிக்கு ஊரில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. போர்டு பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீங்க.

தண்ணீர் நிறைய எடுத்துட்டுப் போங்க. மேல்சித்தாமூர் வழிபாட்டில் உள்ள கோயில், அசைவம் சாப்பிட்டுவிட்டுப் போகாதீங்க. கல்வெட்டு எழுத்து தெளிவாகத் தெரியணும் என்று சாக்பீஸ் தேய்க்காதீங்க, தண்ணீரும் ஊற்றாதீங்க. காலையிலோ மாலையிலோ சாய்வான வெளிச்சம் விழும்போது பார்த்தாலே எழுத்துத் தெரியும். போனில் டார்ச்சைப் பாறைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் போட்டோ எடுத்தால் இன்னும் தெளிவாக வரும்.

அப்புறம் அந்த ஒயிட் பெயிண்ட் ஹார்ட், அம்பு, இரண்டு இனிஷியல். கல்லில் பெயர் நிற்கணும் என்று ஆசை இருந்தால் சேக்கந்தண்ணி மாதிரி நாலு பேர் தங்க ஒரு இடம் செய்து கொடுங்க. 1600 வருஷம் கழித்து யாராவது காலேஜ் மேகஸினில் எழுதுவாங்க.